குதிரைத் திறனும் இழுவிசையும்

புனே நகரிலிருந்து ஆளந்திக்குச் செல்லும் சாலையில் விஷ்ராந்த்வாடி என்னும் பகுதி உள்ளது. இன்று அது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கடைகளும் நிறைந்த நகர்ப்பகுதி. அதனை அடுத்துள்ள களஸ், தானோரி முதலிய இடங்கள் ஒரு காலத்தில் தனித்தனிக் கிராமங்களாக இருந்தவை. ஆண்டுதோறும் ஜூன் அல்லது ஜூலை மாதத்தில் இச்சாலை வழியே ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்திற்குப் புறப்பட்டுச் செல்கிறது. பல்லக்கு வைக்கப்பட்ட வெள்ளித் தேரைக் காளைகள் இழுத்துச் செல்கின்றன. லட்சக்கணக்கான வாரகரி பக்தர்கள் அதனுடன் கால்நடையாகச் செல்கின்றனர்.

விஷ்ராந்த்வாடிச் சாலை பெரும்பாலும் சமதளம். அங்கே தேரை இழுப்பது காளைகளுக்குப் பெரும் சிரமமன்று. புனே நகரில் தங்கிய பின்னர், சாஸ்வட் என்னும் ஊரை நோக்கிச் செல்லும்போது தேர் திவே கணவாய் மீது ஏறவேண்டும். அங்கே தேருக்கு முன்னால் கூடுதலாகப் பல ஜோடிக் காளைகளைப் பூட்டுகின்றனர். மேட்டில் தேர் விரைந்து செல்வதில்லை; மெதுவாகவே ஏறுகிறது. வேகம் குறையும் இடத்தில் ஏன் அதிகக் காளைகள் தேவைப்படுகின்றன? வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டு அதே ஜோடிக் காளைகள் ஏறிவிடலாகாதா?

எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை கண்டால், டிராக்டர் வாங்க எண்ணும் விவசாயிகள் பலரையும் குழப்பிவரும் வேறொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். பழைய பண்ணை டிராக்டர் ஒன்றின் திறன் 20 குதிரைத் திறன் என்று எழுதப்பட்டிருக்கிறது. புல்வெளிகளைச் சீராக வெட்டுவதற்கென இன்று விற்கப்படும் சிறிய டிராக்டரிலும் 20 குதிரைத் திறன் என்றே எழுதப்பட்டிருக்கிறது. முன்னது இரட்டைக் கலப்பையை இழுத்து நிலத்தைப் புரட்டுகிறது. பின்னதோ ஒற்றைக் கலப்பையைக் கட்டினாலும் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழல்கிறது. இரண்டிலும் எண் ஒன்றே. வேலை ஏன் ஒன்றாக இல்லை? "அக்காலத்துக் குதிரைகள் பெரியவை" என்று சிலர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அது சரியன்று. குதிரைத் திறனின் அளவு மாறவில்லை. அந்த அளவு எதனைக் கூறுகிறது, எதனைக் கூறவில்லை என்பதை அறிந்துகொள்வதே இங்கு அவசியம்.

வாட் அளந்த குதிரை

நீராவி எஞ்சினைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், 1780ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். தம் எஞ்சினை வாங்க வருவோர் அதுவரை குதிரைகளைக் கொண்டே செக்கும் ஆலையும் ஓட்டிவந்தனர். அவர்களுக்கு எஞ்சினின் வலிமையைப் புரியவைக்கவேண்டுமாயின், எத்தனை குதிரைகளுக்கு அது ஈடாகும் என்று கூறியாகவேண்டும். ஆகவே ஆலையில் வட்டமிட்டு நடக்கும் குதிரை செய்யும் வேலையை அவர் கணக்கிட்டார். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில், நிமிடத்திற்கு 2.4 சுற்று வீதம், 180 இராத்தல் விசையுடன் குதிரை இழுப்பதாகக் கொண்டார். இவற்றைப் பெருக்கினால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 32,600 அடி-இராத்தல் வேலை ஆகிறது. அதனை 33,000 என்று முழுமையாக்கி ஒரு குதிரைத் திறன் என வகுத்தார். மெட்ரிக் முறையில், 75 கிலோ விசையுடன் ஒரு பொருளை விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் இழுப்பதே ஒரு குதிரைத் திறனாகும். இரண்டு முறைகளுக்கும் இடையே மிகச் சிறிய வேறுபாடே உண்டு.

இந்த வரையறையில் இரண்டு அளவுகள் ஒன்றாகப் பிணைந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். ஒன்று இழுக்கும் விசை. மற்றொன்று இழுத்துச் செல்லும் வேகம். இரண்டையும் பெருக்கிவரும் தொகையே திறன். ஆதலால் 75 கிலோவை விநாடிக்கு ஒரு மீட்டர் இழுப்பதும் ஒரு குதிரைத் திறன். 150 கிலோவை விநாடிக்கு அரை மீட்டர் இழுப்பதும் ஒரு குதிரைத் திறன். 5 கிலோவை விநாடிக்கு 15 மீட்டர் இழுப்பதும் ஒரு குதிரைத் திறனே. தொகை மட்டும் தெரிந்தால், அதில் விசையின் பங்கு எவ்வளவு, வேகத்தின் பங்கு எவ்வளவு என்று கூற இயலாது. ஓர் அறையின் பரப்பளவை மட்டும் கேட்டு, அதன் நீளத்தையும் அகலத்தையும் சொல்ல முடியாததைப் போன்றதே இது.

காளைகளின் கணக்கு

மேற்கு மகாராஷ்டிரத்தின் கில்லாரி இனமாயினும், கொங்கு நாட்டின் காங்கேயம் இனமாயினும், உழவு மாடு நாள் முழுதும் சோர்வின்றி இழுக்கக்கூடிய விசை அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. ஜோடியின் மொத்த எடை 800 கிலோ என்று கொண்டால், இழுவிசை 80 கிலோ ஆகும். விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் அவை நடந்தால் திறன் 60 கிலோ-மீட்டர்; அதாவது ஒரு குதிரைத் திறனில் ஐந்தில் நான்கு பங்கு. ஒரு ஜோடி உழவு மாட்டை ஏறத்தாழ ஒரு குதிரைத் திறன் என்று வேளாண் பொறியியலார் மதிப்பிடுவது இதனால்தான்.

இனித் திவே கணவாயின் கேள்விக்கு வருவோம். நல்ல சாலையில் ஒரு டன் எடையுள்ள வண்டியை உருட்டிச் செல்ல ஏறத்தாழ 25 கிலோ இழுவிசை போதும் என்று கொள்வோம். இருபது மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில், வண்டியின் எடையே பின்னோக்கி இழுப்பதால், டன்னுக்கு மேலும் 50 கிலோ தேவைப்படும். ஆகத் தேவை 75 கிலோ. சமதளத்தைப் போல் மூன்று மடங்கு. வண்டி எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் இந்தத் தேவை குறையாது. வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் திறன் பாதியாகும். தேவைப்படும் இழுவிசையோ அப்படியே நிற்கும். காளை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அந்த விகிதத்தில் இழுவிசையைப் பெருக்கிக்கொள்ள இயலாது. அதன் உடலில் கியர் இல்லை. அதன் குளம்புகள் நிலத்தைப் பற்றும் வலிமையும் அதன் எடைக்கு உட்பட்டதே. சிறிது நேரத்திற்கு அது மிகுந்த விசையைக் காட்டக்கூடும். கணவாய் முழுதும் அவ்வாறு இழுக்க இயலாது. எனவேதான் அங்கே மேலும் காளைகள் பூட்டப்படுகின்றன. அதாவது மேட்டில் கூட்டவேண்டியது இழுவிசை. அதனைக் கூட்டுவதற்கு உள்ள வழி எடையைக் கூட்டுவது.

இந்த உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டில் கவலை என்றும் கமலை என்றும், மகாராஷ்டிரத்தில் மோட் என்றும் வழங்கிய கிணற்று இறைப்பு முறையை நோக்குக. நீர் நிறைந்த தோற்பறியை மேலே இழுக்கும்போது காளைகள் சரிவான பாதையில் கீழ்நோக்கி நடக்குமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. சரிவில் இறங்கும் காளைகளின் உடல் எடையும் அவற்றின் தசை வலிமையுடன் சேர்ந்து வடத்தை இழுத்தது. எடையை இழுவிசையாக மாற்றும் சிறந்த ஏற்பாடு அது.

எவ்விடத்தில் அளந்த திறன்?

டிராக்டரின் திறனை ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் அளக்கலாம். எஞ்சினை மட்டும் தனியே மேடையில் நிறுத்தி அளப்பது ஒன்று. பி.டி.ஓ. என்று விவசாயிகள் வழங்கும் திறன் எடுப்புத் தண்டில் அளப்பது மற்றொன்று. பின்புறத்து இழுவைக் கம்பியில், அதாவது கலப்பையோ வண்டியோ பூட்டப்படும் இடத்தில் அளப்பது மூன்றாவது. எஞ்சினிலிருந்து தண்டிற்கு வரும்போது பற்சக்கர உராய்வினால் ஒரு பங்கு குறைகிறது. அங்கிருந்து சக்கரம் வழியாக மண்ணிற்கு வரும்போது, சக்கரம் வழுக்குவதாலும் மண்ணில் புதைவதாலும் இன்னும் பெரும் பங்கு இழப்பாகிறது. எஞ்சின் தரும் திறனில் பாதி மட்டுமே இழுவைக் கம்பிக்கு வந்து சேரும் நிலையும் இளகிய மண்ணில் ஏற்படுவதுண்டு.

பழைய உற்பத்தியாளர்கள் சிலர் இதனை மறைக்கவில்லை. அமெரிக்காவில் தயாரான 'வாட்டர்லூ பாய்' என்ற டிராக்டரை '12-25' என்றே குறிப்பிட்டனர். இழுவைக் கம்பியில் 12 குதிரைத் திறன். வார்ப்பட்டை மூலம் கதிரடிக்கும் யந்திரத்தை ஓட்டினால் 25 குதிரைத் திறன் என்பது அதன் பொருள். அதன் எடையோ ஏறத்தாழ 2,800 கிலோ. ஆயினும் எல்லா உற்பத்தியாளரும் அவ்வளவு நேர்மையாக இருக்கவில்லை. விளம்பரத்தில் ஒன்று, வயலில் வேறொன்று என்ற நிலை பரவலாயிற்று. நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் கிரோஸியர் என்ற விவசாயி, சொன்னபடி உழைக்காத டிராக்டர்களை வாங்கி அவதியுற்றார். பின்னர் அவர் சட்டசபை உறுப்பினரானபோது, பரிசோதிக்கப்படாத டிராக்டரை அம்மாநிலத்தில் விற்கலாகாது என்ற சட்டம் 1919இல் நிறைவேற வழி செய்தார். 1920இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பரிசோதனைகள் தொடங்கின. முதலாவது பரிசோதனைக்கு உட்பட்டது வாட்டர்லூ பாய் டிராக்டரே.

இதே தொல்லை புல்வெட்டு யந்திரங்களிலும் நேர்ந்தது. அவற்றின் மீது எழுதப்பட்ட குதிரைத் திறன் உண்மையில் கிடைப்பதை விட மிகையானது என்று கூறி 2004 முதல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2010இல் பெருந்தொகை அளித்து அவ்வழக்குகள் சமரசமாகத் தீர்க்கப்பட்டன. அதன் பின்னர் புல்வெட்டு எஞ்சின்கள் பலவற்றில் குதிரைத் திறனுக்குப் பதிலாக முறுக்கு விசையையோ சிலிண்டரின் கொள்ளளவையோ குறிப்பிடும் வழக்கம் பரவியது.

சுழற்சி வேகமும் முறுக்கு விசையும்

விஷ்ராந்த்வாடிக்கு அருகிலுள்ள கட்கியில் 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்நிறுவனத்தின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் நாடெங்கும் கிணற்று மேடைகளில் பம்புகளை ஓட்டியிருக்கின்றன. பொறியியல் கல்லூரிகளின் பரிசோதனைக் கூடங்களிலும் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் நன்கு அறியப்பட்ட 5 குதிரைத் திறன் எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்று சுழல்வது. அதற்கு முந்தைய காலத்து லிஸ்டர் வகை எஞ்சின்கள் 650 சுற்று அளவிலேயே மெதுவாகச் சுழன்றன. இன்றைய புல்வெட்டு டிராக்டரின் பெட்ரோல் எஞ்சினோ 3,600 சுற்று அளவில் சுழல்கிறது.

சுழலும் தண்டில் விசைக்குப் பதிலாக முறுக்கு விசையையும், நேர்வேகத்திற்குப் பதிலாகச் சுழற்சி வேகத்தையும் கொண்டு திறனைக் கணக்கிடவேண்டும். 5 குதிரைத் திறனை 650 சுற்றில் தரும் எஞ்சினின் முறுக்கு விசை 5.5 கிலோ-மீட்டர். அதே திறனை 1,500 சுற்றில் தருவதற்கு 2.4 கிலோ-மீட்டர் போதும். 3,600 சுற்றில் தருவதற்கு 1 கிலோ-மீட்டரே போதும். பழைய எஞ்சின் 'தம் பிடித்து' இழுப்பதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இது. அதன் கனத்த சுழல் சக்கரத்தில் சேமிப்பாக உள்ள இயக்க ஆற்றல், திடீரென்று பளு கூடும்போது கைகொடுத்து எஞ்சின் நின்றுவிடாமல் காக்கிறது.

ஆயினும் இதிலிருந்து பழைய எஞ்சினின் முறுக்கு விசையே அதன் இழுவைக்கு முழுக் காரணம் என்று முடிவு செய்வது தவறாகும். காளையிடம் இல்லாத கியர் எஞ்சினிடம் உண்டு. நெம்புகோல் சிறு விசையைப் பெருக்குவதைப் போலப் பற்சக்கரங்கள் முறுக்கு விசையைப் பெருக்குகின்றன. வேகமாகச் சுழலும் சிறிய எஞ்சினையும் தக்க பற்சக்கரங்களின் வழியே இணைத்தால், சக்கரத்தின் அச்சில் பழைய எஞ்சின் தரும் அதே முறுக்கு விசையைப் பெறலாம். அவ்வாறாயின் குறை எங்கே இருக்கிறது? குறை எஞ்சினில் இல்லை. சக்கரம் மண்ணைத் தொடும் இடத்தில் இருக்கிறது.

சக்கரத்தின் மேல் உள்ள பாரம்

சக்கரம் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுவதாலேயே டிராக்டர் முன்னோக்கிச் செல்கிறது. மண் எந்த அளவுக்கு அதனைத் தாங்குமோ அந்த அளவுக்கே இழுவிசை கிடைக்கும். அந்த அளவு, இயங்கும் சக்கரத்தின் மேல் உள்ள பாரத்தைப் பொறுத்தது. இறுகிய வயலில் அப்பாரத்தில் ஏறத்தாழப் பாதியும், உழுது இளகிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவும் இழுவிசையாகக் கிடைக்கும் எனலாம். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு முயன்றாலும் சக்கரம் நின்ற இடத்தில் சுழலுமேயன்றி டிராக்டர் நகராது.

இப்போது இரண்டு டிராக்டர்களையும் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். 1917இல் வெளிவந்த ஃபோர்ட்ஸன் டிராக்டர் 20 குதிரைத் திறன் வகுப்பைச் சேர்ந்தது. எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து, பின் சக்கரங்களின் மேல் உள்ள பாரம் 850 கிலோ என்று கொண்டால், இறுகிய வயலில் அதன் இழுவிசை ஏறத்தாழ 425 கிலோ. 20 குதிரைத் திறன் என்று விற்கப்படும் புல்வெட்டு டிராக்டரின் எடை ஏறத்தாழ 230 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து 300 கிலோ; பின் சக்கரங்களின் மேல் 200 கிலோ. இழுவிசை 100 கிலோ மட்டுமே. அதாவது ஒரு ஜோடி உழவு மாடு நாள் முழுதும் இழுப்பதை விடச் சிறிதே அதிகம்.

இந்த 100 கிலோ இழுவையின் வழியாக 20 குதிரைத் திறன் முழுவதையும் நிலத்தில் செலவிட வேண்டுமானால், அந்த டிராக்டர் எவ்வளவு வேகமாக ஓடவேண்டும்? 20 குதிரைத் திறன் என்பது விநாடிக்கு 1,500 கிலோ-மீட்டர் வேலை. அதனை 100ஆல் வகுத்தால் விநாடிக்கு 15 மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர். அவ்வேகத்தில் எந்த வயலையும் உழ இயலாது. உழவுக்குத் தக்க மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், அதன் இழுவைக் கம்பியில் கிடைப்பது ஒன்றரைக் குதிரைத் திறனே. அதே வேகத்தில் ஃபோர்ட்ஸன் தருவது ஆறு குதிரைத் திறனுக்கு மேல். உழும்போது முன் சக்கரத்துப் பாரத்தில் ஒரு பகுதி பின்னே மாறுவதால் அது இன்னும் சிறிது கூடும்.

தக்காணத்தின் இறுகிய கரிசல் மண்ணைப் புரட்ட, கலப்பை வெட்டும் குறுக்குப் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ விசை தேவை என்று கொள்வோம். 25 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு சாலுக்கு ஏறத்தாழ 190 கிலோ இழுவிசை வேண்டும். பழைய ஃபோர்ட்ஸன் இரண்டு சால்களை ஒருங்கே இழுத்துவிடும். புல்வெட்டு டிராக்டர் ஒரு சாலையும் இழுக்க மாட்டாது. சக்கரத்தில் இரும்புப் பாரங்களை ஏற்றி அதனைக் கட்டாயப்படுத்தினால் வேறு கேடு விளையும். அதன் கியர்ப் பெட்டியும் அச்சும் இலேசான வேலைக்கென வடிவமைக்கப்பட்டவை. தொடர்ந்து மண்ணைக் கிழிக்கும் பளுவைத் தாங்க மாட்டாமல் விரைவில் கெட்டுப்போகும்.

புல்வெட்டு டிராக்டர் ஏமாற்றுப் பொருளா?

அவ்வாறு கருதலாகாது. விஷ்ராந்த்வாடியை அடுத்த எரவாடாவில் கோல்ஃப் மைதானம் உள்ளது. அத்தகைய பரந்த புல்வெளிகளுக்கென உருவானதே இந்த டிராக்டர். அதன் அடியிலுள்ள கத்திகளின் முனைகள் நிமிடத்திற்கு ஐந்தாயிரம் மீட்டர் அளவான வேகத்தில் சுழல்கின்றன. அடர்ந்த புல்லைச் சீராக அரிந்து ஒருபுறமாக எறிய அவ்வேகம் அவசியம். எஞ்சினின் திறனில் பெரும்பகுதி கத்திகளுக்கே செல்கிறது. வண்டியை நகர்த்தச் சிறு பகுதியே போதும். கனமாக இருந்தால் புல்வெளியில் சக்கரத் தடம் பதிந்துவிடும். எனவே இலேசாக இருப்பது இங்கு குறையன்று, குணமே.

சேற்று வயலில் உழைக்கும் பவர் டில்லரும் இவ்வாறானதே. 12 முதல் 15 குதிரைத் திறன் கொண்ட இந்த யந்திரம், கலப்பையை இழுப்பதை விடச் சுழலும் கொத்துகளால் சேற்றைக் கலக்குவதிலேயே தன் திறனைச் செலவிடுகிறது. அக்கொத்துகள் மண்ணைப் பின்னே தள்ளுவதால் யந்திரம் தானாகவே முன்னேறுகிறது. டிராக்டருடன் இணைக்கப்படும் ரோட்டவேட்டரும் இவ்வகையினதே. அங்கே பி.டி.ஓ. தண்டின் குதிரைத் திறனே முக்கியம், இழுவிசை முக்கியமன்று. ஆகவே எந்த யந்திரத்திற்கும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அதன் திறன் எதன் வழியாக வெளிப்படுகிறது என்பதாகும்.

எடையைப் பயன்படுத்தும் வழிகள்

எடை வேண்டும் என்பதற்காக டிராக்டரைக் கனமாக்கிக்கொண்டே போவதும் சரியன்று. கனத்த டிராக்டர் ஈரமான கரிசல் மண்ணை அழுத்தி இறுக்கிவிடுகிறது. பயிரின் வேர் இறங்கத் தடையாகிறது. அந்த எடையைச் சுமந்து செல்லவே எரிபொருளில் ஒரு பகுதி செலவாகிறது. ஆகவே இருக்கும் எடையை நன்கு பயன்படுத்தப் பொறியியலார் பல வழிகளைக் கண்டனர். 1932 முதல் பண்ணை டிராக்டர்களில் காற்றடைத்த ரப்பர் டயர்கள் இடம்பெறத் தொடங்கின. ஹாரி ஃபெர்குஸன் அமைத்த மூன்று முனை இணைப்பு, கலப்பையின் பளுவில் ஒரு பகுதியைப் பின் சக்கரங்களின் மேல் ஏற்றியது. அதனால் டிராக்டர் இலேசாக இருந்தும் நன்கு இழுத்தது. 1939இல் ஃபோர்டு-ஃபெர்குஸன் டிராக்டரில் வெளிவந்த இம்முறையே இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. தேவைப்படும்போது மட்டும் டயரில் நீரை நிரப்புவதும், இரும்புப் பாரங்களை மாட்டுவதும், சேற்று வயலில் கேஜ் வீல் எனப்படும் கூண்டுச் சக்கரத்தைப் பொருத்துவதும் நம் விவசாயிகள் அறிந்தவையே.

நான்கு சக்கர இயக்கம் மற்றொரு வழி. அதில் டிராக்டரின் எடை முழுவதும் இழுவைக்குப் பயன்படுகிறது. இன்று சிறு விவசாயிகளுக்கென விற்கப்படும் 20 குதிரைத் திறன் அளவான டிராக்டர் ஒன்றின் எடை 800 கிலோ என்றும், அது நான்கு சக்கர இயக்கம் உடையது என்றும் கொள்வோம். இறுகிய வயலில் அதன் இழுவிசை 400 கிலோ அளவுக்கு வரும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு எடையில், ஃபோர்ட்ஸனுக்கு ஏறத்தாழ ஈடாக இழுக்கும். பழையது என்பதனால் ஒரு டிராக்டர் வலியதும் அன்று. புதியது என்பதனால் மெலியதும் அன்று.

இந்தியாவில் டிராக்டர்

இழுவிசையின் அருமையை நம் நாடு தொடக்கத்திலேயே உணர நேர்ந்தது. மத்திய இந்தியாவில் கான்ஸ் எனப்படும் நாணல் வகைப் புல் படர்ந்து, பெரும் நிலப்பரப்பைச் சாகுபடிக்கு உதவாமற் செய்திருந்தது. அதன் வேர்கள் மண்ணில் ஆழமாக ஓடுவதால் நாட்டுக் கலப்பைக்கு அது அசையவில்லை. 1947இல் அமைக்கப்பட்ட மத்திய டிராக்டர் நிறுவனம் இந்நிலங்களை மீட்கும் பணியை மேற்கொண்டது. 1949இல் இப்பணிக்கான யந்திரங்களை வாங்க உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் அளித்தது. ஆழ உழுவதற்கு, இரும்புப் பட்டைகளின் மீது ஊர்ந்து செல்லும் கனத்த டிராக்டர்கள் பயன்பட்டன. பட்டை நிலத்தை நீளமாகப் பற்றுவதாலும், முழு எடையும் அதன் மீதே இருப்பதாலும், இவ்வகை டிராக்டரின் இழுவிசை மிகப் பெரிது.

1959இல் ஃபரீதாபாதில் ஐஷர் டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் அமைந்தது. துர்காபூரிலுள்ள மத்திய யந்திரப் பொறியியல் ஆராய்ச்சிக் கழகத்தில் உருவான வடிவமைப்பைக் கொண்டு, ஸ்வராஜ் டிராக்டர் 1974 முதல் பஞ்சாபில் உற்பத்தியாயிற்று. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள புத்னியில் மத்தியப் பண்ணை யந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் உள்ளது. டிராக்டர்களைப் பரிசோதித்து, பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறனையும், இழுவைக் கம்பியில் கிடைக்கும் இழுவிசையையும், எரிபொருள் செலவையும் அறிக்கையாக வெளியிடுவது அதன் பணிகளுள் ஒன்று.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

சிறு விவசாயி ஒருவருக்கு டிராக்டர் வாங்குவது வாழ்நாளில் ஒரு முறை எடுக்கும் முடிவாக அமையலாம். கடன் பல ஆண்டுகளுக்குத் தொடரும். நிலமே அதற்கு ஈடாக நிற்கும். மூடியின் மீது பெரிதாக எழுதப்பட்ட ஓர் எண்ணை மட்டும் நம்பி அம்முடிவை எடுப்பது தகாது. அவர் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. எழுதப்பட்டுள்ள குதிரைத் திறன் எஞ்சினில் அளந்ததா, பி.டி.ஓ. தண்டில் அளந்ததா, இழுவைக் கம்பியில் அளந்ததா? டிராக்டரின் எடை என்ன. அதில் இயங்கும் சக்கரங்களின் மேல் எவ்வளவு? எஞ்சின் எத்தனை சுற்றில் அத்திறனைத் தருகிறது. பளு கூடிச் சுற்று குறையும்போது முறுக்கு விசை கூடுகிறதா? உழவு வேகத்திற்குத் தக்க கியர்கள் எத்தனை? பரிசோதனை அறிக்கை உண்டா? எல்லாவற்றிற்கும் மேலாக, தம் நிலத்தில் செய்யவேண்டிய வேலை இழுப்பதா, சுழற்றுவதா?

வண்டல் நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுபவருக்குத் தண்டின் திறனே போதும். கரிசலில் கோடை உழவு செய்பவருக்கும், கரும்பு ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுப்பவருக்கும் எடையும் இழுவிசையுமே உயிர்நாடி. வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டவும், சிறு வண்டியில் உரம் எடுத்துச் செல்லவும் விரும்புபவர் புல்வெட்டு டிராக்டரைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அதனைக் கலப்பையில் பூட்டலாகாது.

குதிரைத் திறன் பொய்யான அளவன்று. ஒரு வேலை எவ்வளவு விரைவில் முடியும் என்பதை அது சரியாகவே கூறுகிறது. அந்த வேலையை யந்திரத்தால் தொடங்க முடியுமா என்பதை மட்டும் அது கூறுவதில்லை. அதனை எடையும் மண்ணும் தீர்மானிக்கின்றன. திவே கணவாயின் அடிவாரத்தில் கூடுதல் காளைகளைக் கொண்டுவந்து பூட்டுபவர்கள் ஆண்டுதோறும் செயலில் காட்டிவருவதும் இதுவே.